பீடிக்கு அபராதம், பீரங்கிக்குச் சலாம்

மாசி முடிவதற்குள் ஜவ்வாது மலைச் சரிவில் இரவு நேரத்தில் ஒரு சிவப்புக் கோடு ஊர ஆரம்பித்துவிடும். மறுநாள் பேப்பரில் இரண்டு அங்குலத்துக்குச் செய்தி வரும்: மர்ம நபர்கள் வைத்த தீ, வனத்துறை விசாரணை. அந்த மர்ம நபரை ஆரணிப் பக்கத்தில் தெரியாதவர் யாருமில்லை. லுங்கி கட்டியிருப்பார். நாலு ஆடு ஓட்டி வருவார். வாயில் பீடி புகையும். குடியாத்தத்தில் சுற்றிய ஒரு கட்டு பீடியை மடியில் செருகிக்கொண்டு அந்த மனிதர் செய்திருக்கும் சாதனை கொஞ்சநஞ்சமல்ல. பூமியின் வெப்பத்தை ஏற்றியவர் அவர். பருவமழையைத் தடம் மாற்றியவர் அவர். பச்சையாக நின்ற காட்டைப் பங்குனிக்குள் மொறுமொறுவென்று காயவைத்தவரும் அவரே. இவ்வளவு திறமைசாலியை ஆடு மேய்க்க விட்டுவிட்டோமே! பாதுகாப்பு அமைச்சகத்தில் அல்லவா உட்காரவைத்திருக்க வேண்டும்!

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி.

அவர்மேல் தப்பே இல்லை என்று வக்காலத்து வாங்க வரவில்லை. நம் காடுகளில் பற்றும் தீயில் மிகப் பெரும்பாலானவை மனிதக் கையால் மூள்பவைதான். புதுப்புல் துளிர்க்கட்டும் என்று கொளுத்துபவர் உண்டு. தேனடைக்குப் புகை போட்டுவிட்டு அணைக்காமல் இறங்கி வருபவர் உண்டு. பிடியுங்கள், அபராதம் போடுங்கள், வேண்டாம் என்று யார் சொன்னது? ஆனால் ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே சாமை விதைத்து, அடுப்பு மூட்டி, பீடியும் சுருட்டும் பிடித்துத்தான் வாழ்ந்திருக்கிறார்கள். அப்போதும் நெருப்பு இருந்தது. இப்போது மலைதான் வேறு மாதிரி ஆகிவிட்டது.

அந்த ஆட்டுக்காரர்மேல் பாயும் சட்டத்தின் பிறந்த தேதியைக் கொஞ்சம் பாருங்கள். சென்னை வனச் சட்டம், 1882. காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம் என்று வெள்ளைக்காரர்கள் எழுதிவைத்தார்கள். அதற்குச் சரியாக 100 வருடம் முன்பு, 1782 ஜூன் 2-ஆம் தேதி, அதே வெள்ளைக்காரர்களின் கம்பெனிப் படை ஆரணிக் கோட்டைக்கு வெளியே ஹைதர் அலியோடு பீரங்கிச் சண்டை போட்டது. ஹைதரின் தளவாடக் கிடங்கு ஆரணியில் இருந்தது. அதைப் பிடிக்கத்தான் கம்பெனித் தளபதி அயர் கூட் வந்தார். பிடிக்க முடியவில்லை. அதற்கும் முன்னால், 1751 டிசம்பரில், ராபர்ட் கிளைவ் இதே ஆரணியில் ராசா சாகிப்பின் படையையும் அதற்குத் துணை நின்ற பிரெஞ்சுக்காரர்களையும் துரத்திவிட்டுப் போயிருந்தார். அடித்தவர்கள் பெயர் வரலாற்றில் இருக்கிறது. கூரை எரிந்தவர்கள் பெயர் எங்கேயும் இல்லை.

1780-இல் ஹைதர் அலி ஆற்காட்டுச் சீமைக்குள் இறங்கியபோது செய்ததையும் மூடி மறைக்க வேண்டாம். கம்பெனிக்கு ஒரு பிடி நெல்லும் ஒரு கட்டு வைக்கோலும் கிடைக்கக் கூடாது என்று பழவேற்காட்டிலிருந்து புதுச்சேரிப் பக்கம் வரைக்கும் ஊர் ஊராகக் கொளுத்தினார்கள். பரங்கிமலையில் நின்றவர்களுக்கே புகை தெரிந்ததாகப் பழைய பதிவுகள் சொல்கின்றன. 1785-இல் எட்மண்ட் பர்க் லண்டன் நாடாளுமன்றத்தில் மணிக்கணக்காக நீண்ட ஒரு பேச்சில் இந்தத் தீயை வர்ணித்தார். எதற்கு? ஆற்காட்டு நவாபின் கடன் கணக்கை விவாதிக்க. எரிந்தது நம் ஊர், விவாதம் வட்டிக் கணக்கு. அன்றைக்கு ஆரம்பித்த பழக்கம் இன்னும் போகவில்லை.

பீரங்கியைத் தூக்கி வந்த வெள்ளைக்காரர்கள் நூறு வருடம் கழித்து நம்மைப் பார்த்து விரல் நீட்டினார்கள்: காட்டில் நெருப்பு வைக்காதே! அந்தச் சட்டம் இன்றும் உயிரோடு இருக்கிறது. அதில் எந்த ராணுவமும் எந்த நாளும் குற்றவாளிக் கூண்டில் ஏறியதாகக் கேள்வியில்லை.

இப்போது மலை ஏன் மாறியது என்ற விஷயத்துக்கு வருவோம். வெப்பம் ஒரு டிகிரி ஏறினால் காற்று சுமார் 7 சதவிகிதம் கூடுதலாக நீராவியைப் பிடித்துக்கொள்ளும். ஏரியில் தண்ணீர் இருந்தால் அங்கே குடிக்கும். இல்லாவிட்டால் இலையில், சருகில், மண்ணில் குடிக்கும். இதை விளக்க விஞ்ஞானி வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் மத்தியானம் 2 மணிக்கு ஆரணியில் ஏதாவது ஒரு நெசவாளர் வீட்டுக்குள் போய்ப் பாருங்கள். குழித்தறி ஓரத்தில் ஈரச்சாக்கு விரித்திருக்கும். தரையில் தண்ணீர் தெளித்திருப்பார்கள். வியர்வை முதுகில் வழிந்தாலும் ஃபேன் ஓடாது, ஓடினால் இருக்கிற ஈரமும் போய்விடும். பாவு இழை காய்ந்தால் விறைத்துக்கொண்டு பட் பட்டென்று அறும். அறுந்த முனையைக் கண்ணால் துழாவி எடுத்து, அச்சுப்பல்லில் நுழைத்து, எச்சில் தொட்டு முடிச்சுப் போட வேண்டும். இந்தப் பக்கம் ஒன்று முடிப்பதற்குள் அந்தப் பக்கம் இரண்டு போகும். "காத்துல ஈரமே இல்லண்ணே" என்றார் ஒரு நெசவாளர், தலையைத் தூக்காமலே. "கூலி பொடவைக்குத்தான் குடுக்கறாங்க, முடிச்சுக்கு யாரு குடுக்கறா?"

தறியைக் குழியில் இறக்கிய முன்னோர்களுக்கு மண்ணின் ஈரம் இழையைக் காக்கும் என்று தெரிந்திருந்தது. காட்டையும் ஈரம்தான் காத்தது. நான் சொன்னால் நம்ப வேண்டாம். உலகத்தின் பெரிய பெரிய ராணுவங்கள் இதைக் கோடிக்கணக்கில் செலவழித்து நமக்காகவே சோதித்துக் காட்டியிருக்கின்றன.

1942 செப்டம்பரில் நோபுவோ ஃபுஜிதா என்ற ஜப்பானிய விமானி, நீர்மூழ்கிக் கப்பலிலிருந்து கிளப்பிய சின்ன விமானத்தில் போய் அமெரிக்காவின் ஒரிகன் காட்டில் தீக்குண்டு போட்டார். காடு நனைந்து கிடந்தது. தீ பரவவே இல்லை. ஜப்பான் விடவில்லை. 1944 நவம்பர் முதல் 1945 ஏப்ரல் வரை 9,000-க்கும் மேற்பட்ட பலூன்களில் குண்டு கட்டிப் பசிபிக் கடல் தாண்டி அனுப்பியது. பட்டு நெய்கிற ஊர்க்காரர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: கடற்படை செய்த பலூன் ரப்பர் பூசிய பட்டுத் துணி. தரைப்படை செய்தது காகிதம். அந்தக் காகிதமும் மல்பெரிக் குடும்பத்து மரத்தின் பட்டையில் செய்தது. பள்ளிக்கூடத்துப் பெண்பிள்ளைகளை உட்காரவைத்துத் தாள் தாளாக ஒட்டச் சொன்னார்கள். அமெரிக்கக் காடு முழுக்கக் கொளுந்துவிட்டு எரியும் என்று கனவு. குளிர்காலம், பனி, ஈரம். காடு எரியவில்லை. வெடிக்காமல் கிடந்த குண்டு ஒன்று மட்டும் 1945 மே 5-ஆம் தேதி ஒரிகனில் சிற்றுலா போன ஒரு கர்ப்பிணியையும் ஐந்து பிள்ளைகளையும் கொன்றது. ஒட்டியதும் பிள்ளைகள், செத்ததும் பிள்ளைகள். உத்தரவு போட்டவர்கள் மட்டும் பெரியவர்கள்.

பட்டு என்றதும் இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். பெரிய பீரங்கிக்கான வெடிமருந்தை அந்தக் காலத்தில் பட்டுப் பையில்தான் கட்டினார்கள். பருத்தி என்றால் கங்கு குழாயில் தங்கிவிடும், அடுத்த மருந்தைத் திணிக்கும்போது வெடித்துவிடும். பட்டு சுத்தமாக எரிந்து போகும். கல்யாணத்துக்குக் கட்டுவதற்கு என்று நாம் நினைத்த துணியை உலகம் பீரங்கிக்கும் கட்டியிருக்கிறது.

சரி, வியட்நாமுக்கு வருவோம். 1967-இல் அமெரிக்கா அங்கே காட்டை எரிக்கவே ஒரு தனித் திட்டம் போட்டது. பெயர் என்ன தெரியுமா? இளஞ்சிவப்பு ரோஜா. பெயர் வைப்பதில் கொலைகாரர்களுக்கு இருக்கும் ரசனை கவிஞர்களுக்குக்கூட வராது. முதலில் இலையுதிர்க்கும் விஷத்தைத் தெளித்தார்கள். காயட்டும் என்று காத்திருந்தார்கள். பிறகு பி-52 விமானங்களைக் கொண்டு தீக்குண்டுகளைக் கொட்டினார்கள். அங்கங்கே புகைந்தது, அணைந்தது. காட்டின் ஈரத்திடம் பி-52 தோற்றது.

அடுத்து 2020 ஜனவரி 27, ஆஸ்திரேலியா. கோடை தகித்துக்கொண்டிருந்த நேரம். காட்டுத் தீ அணைக்கும் பணிக்கு உதவியாக வந்த ராணுவ ஹெலிகாப்டர் ஒன்று ஒரோரல் பள்ளத்தாக்கில் புல்தரையில் இறங்கியது. குண்டு போடவில்லை, சுடவில்லை. அடிப்பக்கம் எரிந்த விளக்கின் சூட்டில் புல் பற்றிக்கொண்டது. அவ்வளவுதான். நமாட்கி தேசியப் பூங்காவில் சுமார் 80 சதவிகிதம் கருகியது. எந்த இடத்தில் பற்றியது என்று ஹெலிகாப்டர்காரர்கள் உடனே தகவல் சொல்லவும் இல்லை.

1967-இல் பி-52 படைக்கு முடியாதது, 2020-இல் ஒரு விளக்குக்கு முடிந்திருக்கிறது. நாடு வேறு, மரம் வேறு, பருவம் வேறு என்று யாராவது சொல்வார்கள். சொல்லட்டும். அந்த நாட்டில் அதற்கு முந்தைய 2019-ஆம் வருடம்தான் பதிவேடு தொடங்கிய நாளிலிருந்தே மிக வெப்பமான, மிக வறண்ட வருடம் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும். இப்போது நம் ஆட்டுக்காரரின் பீடிக்கு எங்கிருந்து அவ்வளவு சக்தி வந்தது என்று புரிகிறதா? காட்டை யாரோ முன்கூட்டியே காயவைத்துக் கொடுத்திருக்கிறார்கள்.

யார் அந்த யாரோ? நிலக்கரி, பெட்ரோல், சிமெண்டு, நம் வீட்டு ஏசி வரைக்கும் பட்டியல் நீளும். அதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது. புத்தகத்தில் இல்லாத ஒருவர் இருக்கிறார். உலகத்து ராணுவங்கள் எல்லாம் சேர்ந்து வெளியிடும் கரிவாயு, உலக மொத்தத்தில் சுமார் 5.5 சதவிகிதம் இருக்கலாம் என்று 2022-இல் ஆய்வாளர்கள் ஒரு மதிப்பீடு போட்டார்கள். ராணுவங்களையெல்லாம் ஒரே நாடாக வைத்துக்கொண்டால் கரி கக்குவதில் உலகத்தில் அது நாலாம் இடம். மதிப்பீடு என்றுதான் சொல்ல முடியும். கணக்கு காட்ட வேண்டியதில்லை என்று அவர்களுக்கு வரம் கிடைத்திருக்கிறதே!

வரம் கொடுத்த இடம் கியோட்டோ, வருடம் 1997. ராணுவத் தலைமையின் நெருக்குதலில் அமெரிக்கா பேரம் பேசி, சர்வதேச ராணுவ நடவடிக்கைகளின் புகையைக் கணக்கிலிருந்து எடுக்கவைத்தது. விலக்கு வாங்கிக்கொண்ட பிறகு ஒப்பந்தத்தில் சேர்ந்ததா என்றால், அதுவும் இல்லை. கடைசிவரை அமெரிக்கா அதை ஏற்கவே இல்லை. பந்தியில் உட்கார்ந்து உப்பு பத்தாது, காரம் பத்தாது என்று எல்லார் சாப்பாட்டையும் மாற்றவைத்துவிட்டு, சாப்பிடாமல் எழுந்து போன சம்பந்தி கணக்காக. 2015-இல் பாரிஸ் ஒப்பந்தத்தில் 'விருப்பம் இருந்தால் சொல்லலாம்' என்று மாற்றினார்கள். எந்தத் திருடன் விரும்பித் தன் கணக்கைச் சொல்வான்? ஆரணியில் ஒரு நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் 100 கிராம் சரிகை குறைந்தால் தணிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும். போர்விமானம் கக்கும் கரிக்குத் தணிக்கை கிடையாது.

2018 செப்டம்பரில் ஜெர்மனியில் நடந்ததைக் கேளுங்கள். மெப்பன் என்ற ஊரில் மழையில்லாத கோடை. தரைக்கு அடியில் மக்கிய செடிகொடி அடைந்து கிடக்கும் கரிச்சதுப்பு நிலம். அங்கே போய் ராணுவம் ஹெலிகாப்டர் ராக்கெட்டைச் சோதித்துப் பார்த்தது. நிலம் பற்றியது. ஒரு மாதத்துக்கு மேல் எரிந்தது. புகை விண்வெளியிலிருந்து தெரிந்தது. தீயணைக்க வைத்திருந்த சங்கிலிச் சக்கர வண்டிகளில் ஒன்று பட்டறையில் நின்றது, இன்னொன்று வழியில் மக்கர் பண்ணியது. நம் ஊர் நகராட்சி என்று நினைத்துக்கொள்ளாதீர்கள், ஜெர்மனிதான். பாதுகாப்பு அமைச்சர் உர்சுலா ஃபொன் டெர் லேயன் நேரில் போய் மன்னிப்புக் கேட்டார். பிறகு ஐரோப்பிய ஆணையத்தின் தலைவரானார். பசுமை ஒப்பந்தம் என்று பூமியைக் காக்கும் திட்டத்தை அறிவித்தார். 2025-இல் அதே வாயால் ஆயுதத்துக்கு 80,000 கோடி யூரோ திரட்டும் திட்டத்தையும் அறிவித்தார். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது இதுதான்.

இதெல்லாம் சமாதான காலத்துத் தீ. போர் என்று வந்தால் ஷெல் விழுந்து காய்ந்த புல் பற்றும், கண்ணிவெடி இருப்பதால் தீயணைப்பு வண்டி உள்ளே போகாது, உழவன் ஓடிப்போன வயலில் களை காடாக வளர்ந்து அடுத்த தீக்கு விறகாகும். உக்ரைனில் 2024-இல் மட்டும் சுமார் 92,000 ஹெக்டேர் காடு எரிந்ததாகப் போரின் கரிக்கணக்கைத் திரட்டும் ஆய்வுக்குழு சொல்கிறது. அதற்கு முந்தைய இரண்டு வருடச் சராசரியைவிட இரண்டு மடங்குக்கும் மேல். போர் தொடங்கி மூன்று வருடத்தில் மொத்தம் சுமார் 23 கோடி டன் கரி வாயு. தெற்கு லெபனானில் இஸ்ரேல் வெள்ளை பாஸ்பரஸ் குண்டு போட்டது, ஒலிவத் தோப்புகள் எரிந்தன. அந்தப் பக்கம் ஹிஸ்புல்லாவின் ராக்கெட் விழுந்து வடக்கு இஸ்ரேலின் மலைகள் எரிந்தன. 2024 ஜூனில் இஸ்ரேலிய வீரர்கள் அந்தக் காலத்துக் கோட்டை முற்றுகையில் வைக்கும் கவண்பொறி ஒன்றை எல்லையில் நிறுத்தி, தீப்பந்தத்தை லெபனான் புதருக்குள் வீசிய காட்சி உலகம் முழுக்கப் பரவியது. செயற்கை நுண்ணறிவில் குறி பார்க்கும் ராணுவம், காட்டைக் கொளுத்த ஹைதர் அலி காலத்துக்கும் முன்னால் போய்விட்டது.

எல்லாம் வெளிநாடு என்று பெருமூச்சு விடாதீர்கள். 2022 மே மாதம் காஷ்மீர் எல்லைக்கோட்டுக்கு அந்தப் பக்கம் மூண்ட காட்டுத் தீ, பூஞ்ச் மாவட்டம் மெந்தர் பகுதிக்குள் பரவியபோது நம் ராணுவம் புதைத்த கண்ணிவெடிகள் ஒவ்வொன்றாக வெடித்தன. ஈழத்தில் பதுங்குகுழிக்காக இரு தரப்பும் சாய்த்த பனைமரங்களுக்குக் கணக்கே இல்லை. போர் முடிந்தாலும் பனை வளர ஒரு தலைமுறை ஆகும்.

பருவநிலை மாநாடு என்ன செய்கிறது? 2024 நவம்பரில் பாக்கூவில் கூட்டம் நடந்தபோது, மாநாடு நடக்கும் நாட்களில் மட்டும் தயவுசெய்து சண்டையை நிறுத்துங்கள் என்று அஜர்பைஜான் உலகத்துக்கு வேண்டுகோள் விட்டது. கோயில் திருவிழாவுக்குச் சாராயக் கடையை மூடச் சொல்வது மாதிரி. அதைக்கூட யாரும் காதில் வாங்கவில்லை. அடுத்த வருடம் பிரேசிலின் பெலெம் நகரில் கூடினார்கள். 2025 நவம்பர் 20-ஆம் தேதி மாநாட்டு அரங்கமே தீப்பிடித்தது. பிரதிநிதிகள் கோப்புகளை நெஞ்சில் அணைத்துக்கொண்டு வெளியே ஓடினார்கள். நல்ல வேளை, யாரும் சாகவில்லை. அங்கே மர்ம நபர் யாரும் ஆடு ஓட்டி வந்ததாகத் தகவல் இல்லை.

உலகம் 2024-இல் ராணுவத்துக்குச் செலவழித்தது சுமார் 2.7 லட்சம் கோடி டாலர். நம் நாட்டின் 2025-26 பாதுகாப்பு ஒதுக்கீடு 6.81 லட்சம் கோடி ரூபாய். காட்டுத் தீ தடுப்புக்கென்று மத்திய அரசு வைத்திருக்கும் திட்டத்துக்கு வருடத்துக்கு நூறு கோடிகூட வந்ததில்லை, அதுவும் நாடு முழுவதற்கும். தேசத்தைக் காக்க வேண்டாமா என்று கேட்பார்கள். காக்க வேண்டும். மலையும் ஆறும் தேசத்தில் சேர்த்தியா இல்லையா என்பதை மட்டும் ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடட்டும்.

2018 மார்ச் 11-ஆம் தேதி தேனி குரங்கணியில் மலையேறப் போனவர்களைத் தீ சூழ்ந்து 23 உயிர் போனது. அரசு உடனே விழித்துக்கொண்டு மலையேறுவதற்கு விதிமுறைகள் போட்டது. தீ ஏறுவதற்கு எந்த விதிமுறையும் இல்லை. 2024 மார்ச்சில் குன்னூர்க் காடு எரிந்தபோது விமானப்படை ஹெலிகாப்டர் வாளியில் தண்ணீர் மொண்டு ஊற்றியது. அந்த விமானிக்கு என் கும்பிடு. ராணுவம் செய்ய வேண்டிய வேலை அது. அதற்குத்தான் காசு இருப்பதில்லை.

இங்கே திருவண்ணாமலை மாவட்டத்தில் கோடையில் மலை எரிகிறது, மழையில் மலை சரிகிறது. 2024 டிசம்பர் 1-ஆம் தேதி, ஃபெஞ்சல் புயலின் பேய்மழையில் அண்ணாமலையின் சரிவு பெயர்ந்து அடிவாரத்து வீட்டில் 7 பேரை மூடியது. கமண்டல நாகநதி ஜவ்வாது மலையில்தான் பிறக்கிறது. செண்பகத்தோப்பு அணை அதை நம்பித்தான் நிற்கிறது. சருகும் வேரும் கருகிய சரிவில் மழை பெய்தால் தண்ணீர் தங்காது, மண்ணைச் சுரண்டிக்கொண்டு ஓடும். ஆறு வண்டலைக் கொண்டுவரும், கிணறு காயும். அப்புறம் ஆரணியில் பட்டு நூலைப் பசை போக வேகவைக்கவும் சாயம் அலசவும் எதில் தண்ணீர் மொள்வார்கள்?

எங்கள் கடைகளில் அசல் பட்டா என்று சந்தேகம் வந்தால் இழையை எரித்துப் பார்ப்பார்கள். அசல் என்றால் முடி பொசுங்கும் வாசம் வரும், நெருப்பை எடுத்ததும் தானே அணையும். போலி உருகிக் கையில் ஒட்டும். அரசுகள் கொடுத்த பருவநிலை வாக்குறுதிகளைக் காடு எரித்துப் பார்த்துவிட்டது. எல்லாம் கையில் ஒட்டுகிறது.

ஆரணிக்கு நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் இருக்கிறார். உங்கள் ஊருக்கும் ஒருவர் இருப்பார். இந்திய முப்படைகள் வருடத்துக்கு எவ்வளவு கரி வெளியிடுகின்றன, ஐ.நா.வுக்குக் கொடுக்கும் அறிக்கையில் அதற்குத் தனி வரி உண்டா, காட்டுத் தீக்கு ஏன் நூறு கோடிகூட இல்லை என்று கேள்வி நேரத்தில் கேட்கச் சொல்லி எழுதுங்கள். தபால் அட்டை இன்னும் ஐம்பது காசுதான்.